பிழைத்த பன்றியை யார் கவனிப்பது?

மரக்காணம் கடற்கரைப் பண்ணைகளில் பிடிக்கும் இறால் அமெரிக்காவுக்குக் கப்பலேற வேண்டுமானால், அதில் 25 கிராம் எடுத்துச் சோதிக்கும்போது சால்மோனெல்லா கிருமி தென்படவே கூடாது. தென்பட்டால் சரக்கு திரும்பிவிடும். இந்திய இறால் அப்படித் திருப்பி அனுப்பப்பட்டது பலமுறை நடந்திருக்கிறது. அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலை பன்றிக்கறி வாங்க நிற்பவர், தராசு சரியாக நிற்கிறதா, கொழுப்பு எத்தனை விரல் கனம் என்று பார்ப்பார். வேறு எதையும் பார்க்க அவருக்கு வழி கிடையாது. கடல் தாண்டிச் சாப்பிடுகிறவருக்குச் சட்டம் துணை. உள்ளூரில் சாப்பிடுகிறவருக்கு அவரவர் அதிர்ஷ்டம்.

மரக்காணம் பன்றிக்குப் பேர்போன ஊர் அல்ல, உப்புக்குப் பேர்போன ஊர். தூத்துக்குடி, வேதாரண்யம் என்று சொல்லிக்கொண்டே வந்தால் அடுத்து நாவில் வரும் பெயர். சங்க இலக்கியத்தில் வரும் எயிற்பட்டினம் இதுதான் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் சாலையோரம் விடுதிகள் பெருகி, கல்யாண மண்டபங்கள் முளைத்து, திண்டிவனத்திலும் புதுச்சேரியிலும் ஓட்டல்கள் நிறைந்த பிறகு, மிஞ்சும் சோறு எங்காவது போய்ச் சேர வேண்டுமே. தமிழ்நாட்டின் எல்லாச் சிறு நகரங்களிலும் அது போய்ச் சேரும் இடங்களில் ஒன்று ஊருக்கு வெளியே இருக்கும் பன்றிக் கொட்டில். புதுச்சேரியில் பன்றிக்கறிக்கு வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். ஆக, எச்சில் இலையில் கிடந்தது கறியாகி மறுபடி இலைக்கு வருகிறது. இந்தச் சுற்று நல்லதுதான். கழிவைக் காசாக்கும் தொழிலைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. இந்தச் சுற்றில் கூடவே ஏறிக்கொள்ளும் கிருமியைப் பற்றித்தான் பேச்சு.

கொட்டிலில் நோய் வந்தால் நாம் விசாரிப்பது ஒரே கேள்வி: எத்தனை செத்தது? நான்கைந்து செத்தால் கால்நடை மருந்தகத்துக்குச் சேதி போகும். ஐம்பது செத்தால் பத்திரிகையில் வரும். “ரெண்டு போச்சுங்க, மத்ததெல்லாம் தேறிடுச்சு” என்று வளர்ப்பவர் சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. சால்மோனெல்லா விஷயத்தில் இந்த நிம்மதிதான் தவறு. செத்த பன்றியால் இனி ஆபத்து குறைவு. குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடலாம். தேறிய பன்றி கொழுத்து, எடை போட்டு, வண்டியேறி, வெட்டுக்கத்திக்கு வரும். அது சுமந்து வருவது யார் கணக்கிலும் இல்லை.

இந்தக் கிருமிக்குப் பெயர் வந்ததே பன்றி வழியாகத்தான். 1885-ல் அமெரிக்க வேளாண் துறையின் கால்நடைப் பிரிவில் டேனியல் எல்மர் சால்மன் தலைவர். அவருக்குக் கீழே தியோபால்ட் ஸ்மித் என்ற இளைஞர். அமெரிக்கப் பன்றிகளைக் கொள்ளை கொள்ளையாகச் சாய்த்துக்கொண்டிருந்த நோய்க்குக் காரணம் தேடி, செத்த பன்றியின் உறுப்புகளிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். ஆய்வகத்தில் குனிந்து வேலை பார்த்தது பெரும்பாலும் ஸ்மித். 1900-ல் லினியேர் என்ற பிரெஞ்சுக்காரர் அந்த இனத்துக்குப் பெயர் சூட்டியபோது அதிகாரியின் பெயரே நிலைத்தது. அலுவலக வழக்கம் எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

அதைவிட முக்கியமானது பிறகு நடந்தது. பதினெட்டு ஆண்டுகள் அந்த பாக்டீரியாதான் கொள்ளைநோய்க்குக் காரணம் என்று உலகம் நம்பியது. 1903-ல் டி ஷ்வைனிட்ஸ், டார்செட் ஆகிய இருவர், பாக்டீரியா புக முடியாத நுண் வடிகட்டியில் வடித்த திரவமே நோயை உண்டாக்குவதைக் காட்டினார்கள். உண்மைக் குற்றவாளி ஒரு வைரஸ். இன்று நாம் பன்றிக் காய்ச்சல் என்று தடுப்பூசி போடும் நோய் அது. வைரஸ் உடம்பைத் தளர்த்திய பிறகு உள்ளே புகுந்து வேலையை முடிப்பது சால்மோனெல்லா. ஆகவே ஆய்வகத்தில் அன்று அகப்பட்ட கிருமி நிரபராதி அல்ல, இரண்டாவது குற்றவாளி.

நம் கொட்டில்களில் இன்றும் இதே குழப்பம். பன்றி செத்தால் ‘காய்ச்சல்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். 2009-ல் மனிதர்களிடையே பரவிய எச்1என்1 சளிக் காய்ச்சலுக்கும் பன்றியின் பெயரையே வைத்ததால் குழப்பம் இரட்டிப்பானது. எகிப்து அரசு அந்த ஆண்டு ஏறக்குறைய 3 லட்சம் பன்றிகளைக் கொன்று தீர்த்தது. மனிதக் காய்ச்சல் நின்றபாடில்லை, பன்றி தின்றுகொண்டிருந்த குப்பை கெய்ரோ தெருக்களில் மலையாகக் குவிந்தது. 2020-ல் அசாம், அருணாசலப் பிரதேசம் வழியாக ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இந்தியாவுக்குள் வந்தது. 2022-ல் வயநாடு, 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகள், 2024-ல் இலங்கை என்று அது இறங்கி வந்திருக்கிறது. மேல் மாகாணக் கடலோரத்தில் ஓட்டல் மிச்சத்தை நம்பி வளர்க்கும் இலங்கைப் பண்ணைகளுக்கும் நம்முடையவற்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இந்தப் பெரிய பெயர்களின் நிழலில் சால்மோனெல்லா கண்ணில் படாமலே போய்விடுகிறது. உலக விலங்கு சுகாதார அமைப்பு வைத்திருக்கும் அறிவிக்கத்தக்க பன்றி நோய்களின் பட்டியலில் அது இல்லை. பட்டியலில் இல்லாததை எந்த அலுவலகமும் எண்ணுவதில்லை.

கிருமி உள்ளே போனதும் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

பால் குடிக்கும் வரை குட்டிக்குத் தாயின் எதிர்ப்புசக்தி காவல். பால் மறக்கடித்த பிறகு நான்கைந்து மாதம் வரைதான் கண்டம். புதுக் கொட்டில், புதுத் தீனி, வேறு ஈற்றுக் குட்டிகளோடு சண்டை, பாலில்லாத வயிறு. இந்த நேரத்தில் தரையை முகர்ந்துகொண்டே திரியும் குட்டியின் வாய்க்குள் கிருமி போகிறது. நோய் முற்றிய பன்றி ஒன்றின் கழிவில் ஒரு கிராமுக்குப் பத்து லட்சம் முதல் ஒரு கோடி வரை கிருமிகள் இருக்கும். குளம்பில் ஒட்டிய சேறு போதும். காய்ந்த கழிவுத் தூசியிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். எலி, ஈ, காகம், வளர்ப்பவரின் ரப்பர் செருப்பு எல்லாமே அதற்கு வண்டிதான்.

வாயில் நுழைந்ததில் ஒரு பங்கு அங்கேயே, மேலண்ணத்தில் இருக்கும் டான்சிலில் தங்கிவிடுகிறது. மீதி இரைப்பைக்குப் போகிறது. வளர்ந்த பன்றியின் இரைப்பை அமிலம் பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடும். பால் மறந்த குட்டிக்கு அமிலம் இன்னும் சரியாக ஊறத் தொடங்கியிருக்காது. தப்பிய கிருமிகள் சில மணி நேரத்தில் சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கு வந்து சேர்கின்றன. உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் திட்டுத்திட்டாகக் கூடியிருக்கும் இடம் அது. கிருமி கேட்டுக்கொண்டு நுழைவது போலத் தோன்றும்: அதன் மேலிருக்கும் ஊசி போன்ற உறுப்பால் குடல் செல்லுக்குள் சில புரதங்களைச் செலுத்துகிறது, செல்லின் மேற்சுவர் சுருண்டு எழும்பி, கிருமியைத் தானே விழுங்கிக்கொள்கிறது. அடுத்து வரும் வெள்ளையணு அதை விழுங்கிக் கொல்ல வேண்டும். சால்மோனெல்லா அந்த வெள்ளையணுவின் வயிற்றுக்குள்ளேயே குடியிருக்கக் கற்ற கிருமி. கொல்ல வந்தவன் தோளிலேறி அடுத்த நிலையமான குடல் நிணநீர்க் கணுக்களுக்குப் போய்ச் சேர்கிறது.

இங்கே பாதை பிரிகிறது. பன்றிக்கென்றே பழகிய சால்மோனெல்லா கோலரேசூயிஸ் வகை என்றால் ரத்தத்தில் கலந்துவிடும். ஓரிரு நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் 105, 106 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஏறும். குட்டிகள் தீனித் தொட்டிப் பக்கம் வராமல் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். விரட்டினால் நாலடி வைத்துவிட்டுத் திரும்பவும் படுக்கும். லேசான ஈர இருமல். காது விளிம்பும் மூக்கு நுனியும் அடிவயிறும் ஊதா பாய்ந்திருக்கும். வெண்பன்றியில் இது பளிச்சென்று தெரியும், நாட்டுக் கறுப்பில் தெரியாது. கழிச்சல் வந்தாலும் மூன்று நான்கு நாள் கழித்தே வரும். அதனால் பலரும் நெஞ்சுச் சளி என்று நினைத்து ஊசி போடுவார்கள். செத்ததை அறுத்துப் பார்த்தால் மண்ணீரல் வீங்கிக் கறுத்திருக்கும், கல்லீரலில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகள் சிதறியிருக்கும், நுரையீரல் ரப்பர் மாதிரி கனத்துக் கிடக்கும். நோய் கண்டவற்றில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை.

டைஃபிமூரியம் வகை வேறு மாதிரி. அது அவ்வளவாக ரத்தத்துக்குப் போவதில்லை, குடலிலேயே இருந்து அரிக்கிறது. முதலில் ஒரு குட்டிக்கு மஞ்சளாகத் தண்ணீர்க் கழிச்சல். சில நாளில் கொட்டில் முழுக்க. மூன்றிலிருந்து ஏழு நாளில் நின்றுவிடும். வளர்ப்பவர் மூச்சு விடுவார். இரண்டு வாரம் கழித்து மறுபடி வரும், சிலவற்றுக்கு மூன்றாம் முறையும் வரும். சாவு குறைவு. பெருங்குடலை நீளவாக்கில் பிளந்து கழுவிப் பார்த்தால், சுவர் தடித்து, அதன்மேல் கழுவியும் போகாத சாம்பல் மஞ்சள் படலம் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டினால் அடியில் புண். இந்தப் புண் ஆறும்போது சில குட்டிகளுக்கு மலக்குடல் சுருங்கிவிடும். வாரங்கள் கழித்து வயிறு மட்டும் உப்பி, முதுகெலும்பு துருத்தி, தின்றும் தேறாமல் நிற்கும். “இது சவலைங்க, சாபக்கேடு” என்பார்கள். இரண்டு மாதத்துக்கு முன் வந்து போன கழிச்சலின் மிச்சம் அது.

இந்த இடத்தில் உப்பளக் கரைக்கு உரிய ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. குட்டி வலிப்பு வந்து, தலையை மேலே வெட்டி, பின்னால் நடந்து விழுந்தால் அது கிருமி வேலையாக இல்லாமலும் இருக்கலாம். பன்றிக்கு உப்பு நஞ்சு என்று ஒரு தனி நோய் உண்டு. நல்ல தண்ணீர் தாராளமாகக் கிடைத்தால் தீனியில் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு உப்பு இருந்தாலும் பன்றி தாங்கிவிடும். தண்ணீர் நின்றுபோனால் நூற்றுக்குக் கால் பங்கு, ஒரு பங்கு உப்பே மூளையை வீங்க வைத்துக் கொன்றுவிடும். ஊறுகாய், கருவாட்டுக் குழம்பு, அப்பளம் என்று உப்பேறிய ஓட்டல் மிச்சம் ஒரு பக்கம், கோடையில் குடத்தை எண்ணித் தண்ணீர் பிடிக்கும் கடலோர ஊர் மறு பக்கம். உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பது மனிதனுக்கு எச்சரிக்கை, பன்றிக்கு மருத்துவம். அப்படி வலிப்பு கண்டவற்றின் முன் திடீரென்று தொட்டி நிறையத் தண்ணீர் வைத்தாலும் சாகும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். எது உப்பு, எது கிருமி, எது வைரஸ் என்று பிரித்துச் சொல்ல ஒருவர் அறுத்துப் பார்த்தே ஆக வேண்டும். மாடு செத்தால் காப்பீட்டுக்காகவாவது அறுத்துப் பார்ப்பார்கள். பன்றிக்கு அதுவும் அபூர்வம்.

சரி, தேறிய பன்றிக்கு வருவோம். காய்ச்சல் விட்டது, கழிச்சல் நின்றது, தீனி எடுக்கிறது. கிருமி போய்விட்டதா? டான்சிலிலும் குடல் நிணநீர்க் கணுக்களிலும் அது மாதக்கணக்கில் தங்கும்; ஐந்து மாதம் வரை தங்கியதைச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். மூன்று மாதக் குட்டியாக நோய் கண்டு தேறிய பன்றி, கறிக்குப் போகும் வயதிலும் அதைச் சுமந்திருக்கலாம் என்று இதற்கு அர்த்தம். எல்லா நாளும் கழிவில் வராது. வராத நாளில் சோதித்தால் ஒன்றுமில்லை என்று வரும். பட்டினி போட்டு, காலைக் கட்டி, மினி லாரியில் நெருக்கி ஏற்றி, வெயிலில் இரண்டு மணி நேரம் கொண்டுபோனால் பன்றியின் உடம்பில் பயத்தின் ரசாயனங்கள் சுரக்கும். அடங்கிக் கிடந்த கிருமி மறுபடி பெருகிக் கழிவில் கொட்டும். வண்டித் தளம் முழுக்க ஈரம். கூட வந்த நல்ல பன்றிகளும் அதிலேதான் நிற்கின்றன. கிருமி படிந்த தரையில் நின்ற நல்ல பன்றியின் குடலிலும் கணுக்களிலும் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் சால்மோனெல்லா தென்பட்டதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2001-ல் எழுதினார்கள். வெட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி அடைத்துவைப்பது வழக்கம் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

வெட்டும் இடத்தில் தோலின் மேலிருக்கும் கிருமிக்கு ஒரு நல்ல தண்டனை கிடைக்கிறது. முடி போகத் தீயில் வாட்டும்போது மேற்புறக் கிருமி பெரும்பாலும் கருகிவிடும். நம் ஆட்கள் தலைமுறையாகச் செய்துவரும் அந்த வேலை அறிவியலுக்கு முழுக்கப் பொருந்துகிறது. கெடுவது அடுத்த நிமிடத்தில். வயிற்றைக் கிழிக்கும் கத்தி நுனி குடலில் பட்டுவிட்டால், வாட்டிச் சுத்தமான தோலும் கறியும் மறுபடி நனைகின்றன. ஒரே வாளித் தண்ணீரில் குடலையும் ஈரலையும் அலசி, அதே தண்ணீரைக் கட்டையில் தெளித்துத் துடைத்தால் எல்லாம் ஒன்றாகிவிடும். வீட்டில் குடல்கறி செய்பவர்கள் கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார்கள். வழவழப்பு போகும், வாடை போகும், கிருமி போகாது. நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவில் உப்பிருந்தால் சால்மோனெல்லா பெருகுவதை நிறுத்தும். சாவது வேறு கதை. கடல்நீரில் இருப்பதோ நூற்றுக்கு மூன்றரைப் பங்குதான். மரக்காணத்து உப்பே ஆனாலும் அடுப்பின் வேலையை அது செய்யாது. கறி உள்ளே வரை 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் இரண்டு நிமிடம் இருந்தால் போதும், கிருமி தீர்ந்தது. நாம் கறியைக் குழைய வேகவைக்கிறவர்கள் என்பதால் தட்டில் வரும் குழம்பில் பயமில்லை. பச்சைக் கறி நறுக்கிய அரிவாள்மனையில் வெங்காயமும் கொத்தமல்லியும் நறுக்குவதில்தான் வினை.

இதைப் படித்துவிட்டு யாரும் டைஃபாய்டு பயம் கொள்ள வேண்டாம். டைஃபாய்டு உண்டாக்கும் சால்மோனெல்லா டைஃபி மனித உடம்பைத் தவிர வேறெங்கும் வாழாது. பன்றிக்கு அதில் பங்கில்லை. பன்றி வழியாக வருவது பெரும்பாலும் பன்னிரண்டிலிருந்து முப்பத்தாறு மணி நேரத்தில் தொடங்கும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும். ஒரு வாரத்துக்குள் தானாகத் தீரும். கைக்குழந்தைக்கும் வயதானவருக்கும் நோயெதிர்ப்பு குன்றியவருக்கும் அது ரத்தத்தில் கலந்து உயிருக்கு ஆபத்தாகலாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-ல் கணித்தபோது, அங்கே மனிதர்களுக்கு வரும் சால்மோனெல்லா நோயில் பத்திலிருந்து இருபது சதவீதம் வரை பன்றி வழியாக வரலாம் என்றது. அவ்வளவு கட்டுப்பாடு உள்ள நாடுகளிலேயே அந்த நிலை.

மரக்காணத்துக்குத் தண்ணீர் என்ற தனிச் சிக்கலும் உண்டு. திண்டிவனம், வானூர்ப் பக்கத்து ஏரிகளின் மிகுநீர் கழுவெளியில் கூடி, மரக்காணம் முகத்துவாரம் வழியே கடலுக்குப் போகிறது. பக்கிங்காம் கால்வாய் வந்து முடிவதும் இங்கேதான். 2021-ல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-ல் ராம்சர் தலமாகவும் அறிவிக்கப்பட்ட கழுவெளியின் விளிம்பில் வயல், இறால் குட்டை, உப்பளம், குடியிருப்பு எல்லாம் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. கோடையில் இவை தனித்தனி. பாத்தியில் தண்ணீர் சுண்டி, உப்பு வாரும் பருவத்தில் அந்த உவர் வெயிலில் எந்தக் குடல் கிருமிக்கும் இடமில்லை. மழை வந்தால் வரப்பு என்பதே இல்லை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் பெய்த மழை 50 சென்டிமீட்டரைத் தொட்டது. உப்பளங்கள் ஏரியாயின. அப்படிப்பட்ட நாளில் கொட்டிலின் பின்புறக் குழியும் சாக்கடையும் இறால் குட்டையும் ஒரே தண்ணீர். தண்ணீர் வடிந்த பிறகு உப்புக்கு இழப்பீடு கேட்டோம், நெல்லுக்குக் கேட்டோம், நியாயமாகக் கேட்டோம். கொட்டில் கழிவு எங்கே போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏற்றுமதி இறாலில் சால்மோனெல்லா எப்படி வந்தது என்று பண்ணைக்காரர் தலையில் கைவைக்கும்போது, மேட்டுப் பக்கத்திலிருந்து வடிந்து வரும் தண்ணீரையும் அவர் ஒருமுறை பார்ப்பது நல்லது. பன்றியை மட்டும் குற்றம் சொல்லவில்லை. பறவைகளும் மனிதக் கழிவும் இதே கிருமியைக் கொண்டுவர வல்லவை. பார்க்காதவரை எது என்று சொல்ல முடியாது.

பார்க்காமல் நாம் செய்வது ஒன்றே ஒன்று, மருந்து கொடுப்பது. கழிச்சல் என்றதும் கடையில் கேட்டுப் பொடி வாங்கித் தீனியில் கலந்துவிடுகிறார்கள். அளவு தெரியாது, எத்தனை நாள் என்று தெரியாது, மருந்து நிறுத்தி எத்தனை நாள் கழித்து வெட்டலாம் என்பது பேச்சிலேயே இல்லை. ஆன்டிபயாடிக் கழிச்சலை நிறுத்தினாலும், வெள்ளையணுவுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியைத் துடைத்தெறிவதில்லை. மிஞ்சுவது மருந்துக்குப் பழகிய கிருமி. தைவானில் இது அப்பட்டமாக நடந்தது. மனித நோயாளிகளிடமிருந்து எடுத்த சால்மோனெல்லா கோலரேசூயிஸ் கிருமிகளில் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அடங்காதவை 2000-ல் தலைகாட்டின; 2001-ன் மூன்றாம் காலாண்டில் 60 சதவீதம் அடங்காதவை. பன்றிகளிலும் அதே கிருமி. நம் ஊரில் தெருமுனை மருந்துக்கடையில் கிடைக்கும் அதே சிப்ரோ மாத்திரையைத்தான் சொல்கிறேன். கொலிஸ்டின் என்ற கடைசி ஆயுதத்தை முறியடிக்கும் மரபணு 2015-ல் சீனாவில் கண்டறியப்பட்டபோது, அதுவும் பன்றியிலிருந்தே வந்தது. இந்திய அரசு 2019 ஜூலையில் உணவுக்கு வளர்க்கும் உயிரினங்களுக்குக் கொலிஸ்டினைத் தடை செய்தது. நல்ல உத்தரவு. கொட்டில் வரை அது வந்து சேர்ந்திருக்கிறதா என்பதை நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு டென்மார்க்கைக் காட்டுவது வழக்கம். 1995-லிருந்து அங்கே பண்ணைவாரியாகக் கறிச்சாற்றைச் சோதித்து, கிருமி அதிகமுள்ள பண்ணையின் பன்றிகளைத் தனியாக வெட்டுகிறார்கள், விலையிலும் பிடிக்கிறார்கள். பத்துப் பன்றி வைத்திருக்கும் நம் ஆளிடம் போய் விலையில் பிடித்தால் அவர் தொழிலை விட்டுவிடுவார். 2019 கணக்கெடுப்பில் நாட்டின் பன்றி எண்ணிக்கை ஏழாண்டுகளில் 12 சதவீதம் சரிந்து 90 லட்சத்துச் சொச்சத்துக்கு வந்திருந்தது. சரிந்துவரும் தொழிலின் மேல் அபராதத்தை ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

டென்மார்க், நெதர்லாந்து அனுபவத்தில் நமக்குப் பொருந்துவது வேறொன்று. புளித்த கூழாகத் தீனி வைக்கும் பண்ணைகளில் சால்மோனெல்லா குறைவாகவே இருக்கிறது. புளிப்பில் வளரும் நல்ல கிருமிகளும் லாக்டிக் அமிலமும் கெட்டதைத் தலையெடுக்க விடுவதில்லை. பழைய சோற்று நீரையும் புளித்த மோரையும் அறிந்த ஊரில் இதற்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் வரிசை முக்கியம்: ஓட்டல் மிச்சத்தை முதலில் கொதிக்கவிட வேண்டும், ஆறிய பிறகே புளிக்கவைக்க வேண்டும். கொதிக்காத மிச்சம் தானாகப் புளித்தால் அதில் எது வளர்ந்தது என்று சொல்ல முடியாது. கொதிக்கவிட்டால் ஆப்பிரிக்கக் காய்ச்சல் வைரஸும் சாகிறது. ஒரே விறகில் இரண்டு வேலை. அந்த விறகுக்குத்தான் காசு வேண்டும். மிச்சத்தைக் கொடுத்துக் கைகழுவும் விடுதிகளும் மண்டபங்களும் கொதிகலனுக்கு ஒரு பங்கு தரட்டும் என்று உள்ளாட்சி உத்தரவு போட முடியாதா? குப்பை அள்ளும் செலவு அவர்களுக்கு மிச்சமாகிறதே.

மிச்ச வேலைகள் எளிய வேலைகள்தான். புதிதாக வாங்கிய குட்டிகளை மூன்று வாரம் தனியாக வைப்பது, ஒரு கொட்டில் காலியானதும் கழுவிக் காயவிட்டு அடுத்ததை விடுவது, எலி ஒழிப்பது. காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பன்றிப் பிரிவு இருக்கிறது. நல்ல குட்டியும் பயிற்சியும் அங்கே கிடைக்கும். 1962 என்ற எண்ணுக்குப் பேசினால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வருகிறது. அந்த வண்டி பசுவுக்கு வரும் வேகத்தில் பன்றிக்கும் வர வேண்டும். பன்றி வளர்ப்பவரை ஊரே ஒதுக்கி வைத்திருப்பதால் அவரும் யாரையும் கூப்பிடுவதில்லை; நகராட்சி ஆட்கள் வந்தாலே பன்றியைப் பிடித்துக்கொண்டு போகத்தான் என்று ஓடி ஒளிகிறார். நோயைப் பற்றி உண்மை சொன்னால் தொழில் போய்விடும் என்று பயப்படுகிறவரிடமிருந்து எந்தத் துறைக்கும் உண்மை கிடைக்காது.

ஆகவே நான் கேட்பது முதலில் அபராதமும் இல்லை, தடையும் இல்லை. திண்டிவனம் கோட்டத்தில் பன்றி வெட்டுவதற்கென்று தண்ணீரும் வடிகாலும் உள்ள ஒரு கூடம் கட்டுங்கள். அங்கே வெட்டப்படும் பன்றியிலிருந்து, வளர்ப்பவர் பெயரைக் கேட்காமல், ஒரு வருடத்துக்குக் குடல் நிணநீர்க் கணு மாதிரி எடுங்கள். கிருமி இருக்கிறதா, எந்த வகை, எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று மட்டும் பாருங்கள். சால்மோனெல்லா வகையறிய இசத்நகரில் கால்நடைகளுக்கான தேசிய மையமும் கசௌலியில் இன்னொரு தேசிய மையமும் இருக்கின்றன. அவ்வளவு தூரம் அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளுக்கு மாதவரத்தில் பல்கலைக்கழக ஆய்வகம் உண்டு. மரக்காணத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில், புதுச்சேரி குரும்பாபேட்டில், ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஐஸ் பெட்டியில் வைத்த மாதிரி காலையில் கிளம்பினால், மதியச் சாப்பாட்டுக்கு முன் அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.